சாதி கேட்ட ரீச்சருக்குப் பெயர் போட்டு ஒரு மடல்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியை திருமதி விமலேஸ்வரி ஐயாத்துரை அவர்களுக்கு, கண்டாவளைக் கோட்டத்து எமது வித்தியாலயத்தின் ஆசிரியர்களும் அலுவலர்களும் பணி ஓய்வு நாளில் கைகூப்பி வாசித்தளிக்கும் சேவை நயப்பு மடல்.

அங்கிகள் என்னும் உயிர்களை அறிவித்த அன்னையே! உயிர்க்கலத்தின் கதவைத் திறந்து காட்டிய கல்விச் செல்வியே! வெயிலோடும் வெள்ளத்தோடும் வழக்காடி, வெண்கட்டித் தூளோடு உறவாடி, தகரக் கொட்டிலிலும் தறப்பாள் நிழலிலும் மாடிக் கட்டடத்திலும் ஒரே குரலில் ஒரே உண்மையைச் சொல்லித் தந்த பெருந்தகையே!

இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது முறை. முறைப்படியே தொடங்கிவிட்டோம். ஆனால் இந்த விளிகளில் ஊர்வன, பறப்பன, நீந்துவன எதுவும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பவளமும் மின்மினியும் முதலாவது மடலில் இருந்தன. அந்த மடல் கிழிக்கப்பட்டுவிட்டது. நீங்கள் இப்போது கேட்டுக்கொண்டிருப்பது இரண்டாவது மடல்.

ஏன் கிழிக்கப்பட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதினோம். அதைக் கேள்விப்பட்டபோது நாங்கள் திகைத்துப் போனோம். இரண்டு நாட்களாக ஆசிரியர் ஓய்வறையில் தேநீர் ஆறிப் போனதே தவிர, யாரும் குடித்ததாகத் தெரியவில்லை. சபையிலிருக்கும் பெற்றோரும் பழைய மாணவரும் திகைக்கக்கூடும். தயவுசெய்து கடைசிவரை எழும்பாமல் இருந்து கேளுங்கள்.

முதலில் சேவை விபரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் விஞ்ஞான ஆசிரியையாக முதல் நியமனம். மொத்தம் இருபத்தொன்பது ஆண்டுகள். அதில் இடப்பெயர்வுக் காலத்தில் மரத்தடியிலும் முகாமிலும் வகுப்பு நடத்திய காலத்தை எந்த அலுவலகக் கோவையும் சரியாகக் குறித்து வைக்கவில்லை. எமது வித்தியாலயத்தில் பதினான்கு ஆண்டுகள். அந்தப் பதினான்கில் ஒன்பது மாதங்கள் மட்டும் நீங்கள் எங்களோடு இல்லை. அந்த ஒன்பது மாதங்களின் கதைதான் இது.

உங்களோடு ஒரே அறையில் இருந்தவர்களுக்கு அதிர்ச்சி ஒன்றும் புதிதல்ல. எமது பிரதி அதிபர் இராசமலர் அவர்கள் வெள்ளிக்கிழமை தவறாமல் மரக்கறி உண்பவர். ஒரு வெள்ளி மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். உள்ளே காளான் பிரட்டல். நீங்கள் எட்டிப் பார்த்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டீர்கள்.

"என்ன ரீச்சர், இண்டைக்கு வெள்ளியெல்லோ?"

"ஓம், அதுதானே காளான்."

"காளான் தாவரமில்லை, ரீச்சர். அது பங்கசு, பூஞ்சணக் கூட்டம். பார்க்கப்போனால் மரஞ்செடியை விட எங்களுக்குத்தான் அது கிட்டின சொந்தம்."

கையிலிருந்த கரண்டி கையிலேயே நின்றது. பிறகு இரண்டு மாதம் அவர் காளானை வாங்கவும் இல்லை, உங்களை மன்னிக்கவும் இல்லை. கடைசியில் நீங்களே போய், "மிருகமும் இல்லைத்தானே ரீச்சர், பயப்படாமல் சாப்பிடுங்கோ" என்று தடையை நீக்கிக் கொடுத்தீர்கள்.

கணித ஆசிரியை ஹாலிதா முல்லைத்தீவிலிருந்து தினமும் பஸ்சில் வந்து போகிறவர். அவருடைய சகோதரர் கடலட்டைத் தொழில் செய்பவர். சிறு வயதிலிருந்தே கடலட்டையைப் பார்த்து வளர்ந்தவருக்கு, அது அட்டையே இல்லை, நட்சத்திரமீனின் கூட்டத்தைச் சேர்ந்தது, அந்த நட்சத்திரமீனும் மீன் இல்லை என்று ஒரே மூச்சில் சொன்னீர்கள். ஹாலிதா வீட்டில் போய்ச் சொன்னதும் அவருடைய சகோதரர், "அப்ப நாங்கள் இவ்வளவு காலமும் என்னத்தைப் பிடிச்சனாங்கள்?" என்று கேட்டாராம்.

செடி பகலில் மூச்சு விடாது, இரவில்தான் விடும் என்று நம்பியிருந்தவர்கள் எங்களில் பாதிப்பேர். பகலும் இரவும் விடும் என்று சொல்லி அந்த நம்பிக்கையை உடைத்தீர்கள். சிலந்தியைப் பூச்சி என்றவரை அதன் எட்டுக் கால்களையும் எண்ணச் சொன்னீர்கள். கொரோனாக் காலத்தில் முகக்கவசத்துக்குள்ளிருந்து யாரோ, "இந்த வைரசுக்கு உயிர் இருக்கோ இல்லையோ?" என்று கேட்க, "எங்கட கலத்துக்குள்ள வந்தால் பெருகும், வெளியில கிடந்தால் சும்மா தூசி மாதிரி. எந்தப் பக்கம் வைக்கிறதெண்டு படிச்சவையே இன்னும் சண்டை பிடிக்கினம்" என்றீர்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் உங்களிடம்தான் பழகினோம். அதன் பிறகு எமது வித்தியாலயத்தில் ஒரு வழக்கம் வந்தது. விழா மலரோ வரவேற்புரையோ, உயிருள்ள ஒன்றின் பெயர் அதில் வந்தால் உங்களிடம் காட்டாமல் எதுவும் வெளியே போகாது.

அந்த வழக்கம் வருவதற்கு முன்பே உங்களிடம் சிக்கிக்கொண்டவர் எமது தமிழாசிரியர் தயாபரன். இந்த வித்தியாலயத்தின் வரவேற்பு மடல்கள், நன்றியுரைகள், மரண அறிவித்தல்கள் அனைத்தையும் எழுதுபவர் அவர்தான். நல்ல தமிழ். கொஞ்சம் கூடுதலாக நல்ல தமிழ். 'இங்கே' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஈண்டு' என்று எழுதுவார். கடை வீதியில் மாட்டை அவிழ்த்து விடாதீர்கள் என்று ஒரு அறிவித்தல் எழுதித் தரச் சொன்னபோதுகூட 'ஈண்டு' என்றுதான் தொடங்கினார்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றாம் ஆண்டு தமிழ்த்தின விழாவில் தயாபரன் மேடையேறி, கடலின் பெருமையைச் சொல்லி, "திமிங்கிலம் என்னும் மாமீன்" என்று குரலை உயர்த்தினார். முன்வரிசையில் ஒரு பிள்ளை உங்களைத் திரும்பிப் பார்த்து, "மீனோ ரீச்சர்?" என்று கேட்டது. நீங்கள் மெதுவாகத்தான் சொன்னீர்கள்: "இல்லை மோனை, முலையூட்டி. குட்டி போட்டுப் பால் குடுக்கும்." ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் இரண்டாவது ஒலிவாங்கி இருந்தது. அறுநூறு பிள்ளைகளும் சிரித்தார்கள். தயாபரனும் சிரித்தார். வீட்டுக்குப் போகும்போது சைக்கிளை உருட்டிக்கொண்டே போனார். சிரிப்புச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

அடுத்த ஆண்டு மாசி மாதம். பதினோராம் வகுப்புக்கு நீங்கள் அங்கிகளின் பாகுபாட்டை மீட்டல் செய்துகொண்டிருந்தீர்கள். கரும்பலகையில் மேலிருந்து கீழாக ஏழு சொற்களை எழுதினீர்கள்: இராச்சியம், கணம், வகுப்பு, வருணம், குடும்பம், சாதி, இனம். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. ஒவ்வோர் அங்கிக்கும் ஊர்ப் பெயர் பல இருந்தாலும், பாடத்தில் பெயர் இரண்டு சொல்தான். முதற்சொல் சாதி, அடுத்த சொல் இனம். வீட்டு வேலையாக மூன்று கேள்வி கொடுத்தீர்கள். நெல்லின் சாதி என்ன? மாவின் சாதி என்ன? மனிதனின் சாதி, இனம் என்ன?

யதுர்ஷிகா என்ற பிள்ளை கொப்பியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். தகப்பன் புவனேந்திரன் வயலால் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளைக்குப் புத்தகத்தைத் திறக்கப் பஞ்சி. "அப்பா, எங்கட சாதி என்ன? ரீச்சர் எழுதிக்கொண்டு வரட்டாம்" என்றாள்.

புவனேந்திரன் கழுவிய காலோடு அப்படியே நின்றார். குடாநாட்டிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்த குடும்பம். அங்கே அந்தச் சொல்லால் பட்டதை இங்கே காணியோடும் வாய்க்காலோடும் மறந்துவிட்டோம் என்று இருந்தவர். கால் ஈரம் காயவில்லை, நேரே தயாபரனின் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"முகாமில ஒரு பவுசர் தண்ணியை எல்லாரும் ஏந்திக் குடிச்சம், சேர். அப்ப ஒருதரும் கேக்கேல்லை. இப்ப பள்ளிக்கூடத்தில கேக்கினம். நீங்கள் நல்லா எழுதுவியள். மேல இடத்துக்கு ஒரு பெட்டிசம் எழுதித் தாங்கோ."

இந்த இடத்தில் தயாபரன் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். அது புத்தகத்துச் சாதி, ஊர்ச் சாதி இல்லை என்றால் முடிந்தது. அவருக்குத் தெரியாதா என்று சபை கேட்கலாம். தெரியும். அவரும் சாதாரண தரப் பரீட்சைக்கு விஞ்ஞானம் படித்துத்தான் வந்தவர். சாதி என்ற சொல்லுக்குப் பாடத்தில் என்ன பொருள் என்று நன்றாகத் தெரியும். ஆனால் அறுநூறு பிள்ளைகளின் சிரிப்பு அப்போதும் அவருடைய காதில் இருந்தது. கதிரையைப் புவனேந்திரனுக்கு இழுத்துப் போட்டுவிட்டு வெள்ளைத் தாளை எடுத்தார்.

அவர் சொல்லச் சொல்லப் புவனேந்திரன் தன் கையால் எழுதினார். "கல்விக்கூடத்தைச் சாதிக்கூடமாக்கும் இவ்வாசிரியையின் செயலானது ஈண்டு வாழும் பெற்றோரின் நெஞ்சைப் பிளக்கின்றது என்பதனைத் தாழ்மையுடன் அறியத் தருகின்றோம்." இன்னும் இப்படி ஒரு பக்கம். முடிவில் புவனேந்திரன் பெயரைப் போடப் போனார். தயாபரன் தடுத்தார்.

"பெயர் வேண்டாம். பிள்ளை அங்கதானே படிக்குது. பெற்றோர் எண்டு மட்டும் போடுங்கோ."

அப்படித்தான் அந்த மொட்டைப் பெட்டிசம் புறப்பட்டது. விசாரணை வந்தது. நீங்கள் பாடப்புத்தகத்தின் பக்கத்தைத் திறந்து காட்டினீர்கள். விசாரிக்க வந்தவருக்கு விளங்கியது. ஆனாலும் ஊரில் கதை வந்துவிட்டது, கொஞ்ச நாளைக்கு ஒதுங்கியிருப்பது நல்லது என்றார். கொஞ்ச நாள் என்பது ஒன்பது மாதமானது. முல்லைத்தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு உங்களைத் தற்காலிகமாக இணைத்தார்கள். ஸ்கந்தபுரத்திலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து முல்லைத்தீவுக்கு இன்னொரு பஸ். போக இரண்டு, வர இரண்டு.

உங்களுக்குப் பதிலாக எமக்கு விஞ்ஞான ஆசிரியர் எவரும் வரவில்லை. அந்த மார்கழியில் இருபத்தெட்டுப் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். விஞ்ஞானத்தில் சித்தியடைந்தவர்கள் ஒன்பது பேர்.

தை மாதம் நீங்கள் திரும்பி வந்தீர்கள். வந்த அன்றே ஓய்வறையில் எல்லோருக்கும் முல்லைத்தீவுக் கருவாடு பங்கிட்டீர்கள். பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு பொதி தயாபரனுக்கும் கிடைத்தது. அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனைவியிடம் கொடுத்தார். குழம்பு வைத்தார்கள். தனக்கு வயிறு சரியில்லை என்று சொல்லி அவர் சாப்பிடவில்லை.

அதன்பிறகு பதினொரு ஆண்டுகள் நீங்கள் இருவரும் ஒரே மேசையில் இருந்து விடைத்தாள் திருத்தினீர்கள். அவர் மகளின் திருமணத்துக்கு நீங்கள் முதல் நாளே வந்து மரக்கறி வெட்டினீர்கள். உங்கள் கணவர் ஐயாத்துரை அவர்கள் சுகமில்லாமல் கிடந்தபோது அவர் தன் மோட்டார் சைக்கிளில் உங்களை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கினார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் நம்பினார். தெரியாமலே போய்விடும் என்றும் நம்பினார்.

போன செவ்வாய்க்கிழமை முதலாவது மடலோடு அவர் ஆய்வுகூடத்துக்கு வந்தார். நீங்கள் அலுமாரியிலிருந்த போத்தல்களைத் துடைத்து, அடுத்து வருபவருக்கு விளங்கும்படி புதிய பெயர்த்துண்டு ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு மடலை வாங்கினீர்கள்.

"'கடலடியில் பூத்த பவளச் செடியே' எண்டு போட்டிருக்கிறியள், சேர். பவளம் செடியில்லை, விலங்கு."

"திருத்திறன், ரீச்சர்."

"'மின்மினிப் பூச்சியே.' அது உண்மையில வண்டு. பரவாயில்லை, ஊர் வழக்குத்தானே. இருக்கட்டும்." பேனா கீழே இறங்கி நின்றது. "'ஈண்டு' நாலு தரம் வருது."

"அது நல்ல தமிழ்தானே, ரீச்சர்."

"நல்ல தமிழ்தான். முந்தின கடிதத்தில ரெண்டு தரம்தான் வந்தது."

தயாபரனுக்கு முதலில் விளங்கவில்லை. எந்தக் கடிதம் என்று கேட்க வாயைத் திறந்தார். நீங்கள் திரும்பி அலுமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கோவையை எடுத்தீர்கள். விசாரணையின்போது உங்களுக்குக் கொடுத்த நிழற்பிரதி. பதினொரு ஆண்டுகளில் தாள் மஞ்சளாகியிருந்தது. அதில் இரண்டு இடத்தில் 'ஈண்டு' என்ற சொல்லுக்குக் கீழே சிவப்புக் கோடு. அடியில், விடைத்தாளுக்கு எழுதுவது போல உங்கள் கையெழுத்தில் மூன்று வரி இருந்தது.

"நடை நன்று. கேட்ட கேள்விக்கு விடை இல்லை. பெயர் எழுதப்படவில்லை."

பக்கத்திலிருந்த கதிரையில் இருக்கப் போன தயாபரன், அதில் எலும்புக்கூட்டுப் படம் சாத்தியிருந்ததைக் கண்டு மறுபடி நிமிர்ந்தார். நீங்கள் படத்தை எடுத்து அப்பால் வைத்துவிட்டு, "இருங்கோ சேர்" என்றீர்கள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும், ரீச்சர்? எழுத்து என்ரையில்லையே."

"ஒரு அங்கியை இனங்காண எல்லா இயல்பும் தேவையில்லை, சேர். வேற ஒண்டிலயும் இல்லாத ஒரு இயல்பு போதும். இந்தக் கோட்டத்தில 'ஈண்டு' எண்டு எழுதுற ஆள் நீங்கள் ஒராள்தான். கையெழுத்து வேற ஆளின்ரை. சொல் உங்கட."

"ஏன் என்னட்டை ஒருக்காலும் கேக்கேல்லை?"

"கேட்டால் நீங்கள் ஓம் எண்டிருப்பியள். ஓம் எண்டால் நான் அதை எழுதிக் குடுக்கவேணும். குடுத்தால் உங்களையும் மாத்தியிருப்பினம். விஞ்ஞானத்துக்கு ஆளில்லாமல் நிண்ட பிள்ளையள் தமிழுக்கும் ஆளில்லாமல் நிண்டிருக்கும்."

தயாபரன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "கோவம் வரேல்லையோ, ரீச்சர்?"

"வராமல்? அந்த பஸ்சில இருக்க இடமில்லாமல் நிண்டுகொண்டு போன எல்லா நாளும் வந்தது. திரும்பிப் போனால் உங்களோட கதைக்கிறேல்லை எண்டுதான் வந்தனான். பிறகு கருவாட்டைப் பிரிக்கேக்க, எல்லாருக்கும் குடுத்துப்போட்டு உங்களை மட்டும் விட ஏலாமல் போச்சு." பிறகு நீங்கள் மடலை மடித்து அவரிடம் நீட்டினீர்கள். "இந்தக் கதையை மடலில போட்டுடாதேங்கோ. உங்களிட்டைப் பிள்ளையள் இன்னும் கன வருசம் படிக்கவேணும். பவளத்தை மட்டும் திருத்துங்கோ."

மன்னிப்புக் கிடைத்தவன் நிம்மதியாகப் போவான் என்று நினைப்போம். தயாபரன் அப்படிப் போகவில்லை. பாடசாலை வாசலில் மோட்டார் சைக்கிளை உதைக்க மறந்து கொஞ்ச நேரம் அதன்மேல் சும்மா இருந்தார். பிறகு நேரே புவனேந்திரனின் வளவுக்குப் போனார். புவனேந்திரன் உழவு இயந்திரத்தின் சில்லுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். தயாபரன் நின்றபடியே சொன்னார்.

"பிள்ளை அண்டைக்குக் கேட்டது புத்தகத்துச் சாதி. அது எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் உங்களுக்கு எழுதித் தந்தனான்."

புவனேந்திரன் காற்றடிப்பதை நிறுத்தினார். கத்துவார், அடிக்கக்கூட வருவார் என்று தயாபரன் எதிர்பார்த்தார். அவரோ குழாயைச் சில்லிலிருந்து கழற்றினார். கையை வேட்டியில் துடைத்தார்.

"பிள்ளை அந்த வருசம் விஞ்ஞானத்தில விழுந்தது, சேர்" என்றார். "ரீச்சர் இல்லாதபடியால்தான் விழுந்தது எண்டு நானும் தாயும் ரீச்சரைத்தான் ஏசினனாங்கள். பிள்ளையளை நடுவில விட்டிட்டுப் போயிட்டா எண்டு."

தயாபரன் வீட்டுக்கு வந்து முதலாவது மடலைக் கிழித்தார். பவளமும் மின்மினியும் நான்கு 'ஈண்டு'ம் அதோடு போயின.

மறுநாள் ஓய்வறையில் எங்கள் எல்லோரையும் இருத்தி வைத்து முழுவதையும் சொன்னார். ஹாலிதா அழுதார். அந்த ஒன்பது மாதமும் முல்லைத்தீவு பஸ் நிலையத்தில் உங்களைத் தினமும் கண்டு, உங்களோடு சேர்ந்து, அந்தப் பெட்டிசத்தை எழுதிய கை யாருடையதோ என்று திட்டியவர் அவர். பிரதி அதிபர் இராசமலர் எழும்பி வெளியே போய்விட்டார். மாலைவரை தயாபரனோடு எவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பதினொரு ஆண்டுகள் நாங்கள் எவரோடு இருந்து சாப்பிட்டோம் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உண்மையைச் சொன்னால், விசாரணை வந்த அன்றைக்கு எங்களில் எவரும் அந்தப் பெட்டிசத்தைப் பொய் என்று எழுந்து நின்று சொல்லவில்லை. புத்தகம் எல்லோருடைய அலுமாரியிலும்தான் இருந்தது. அந்த வெட்கமும் எங்களுக்கு உண்டு.

பிறகு ஒரு விவாதம் வந்தது. கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு வீட்டுச் சுவரில் கொழுவும் மடலில் இப்படியொரு கதையை எழுதலாமா? வாழ்த்துத்தானே எழுத வேண்டும் என்றார்கள் சிலர். எழுதாமல் விடும்படி நீங்களே சொன்னீர்கள் என்றும் சொன்னார்கள். தயாபரன் ஒரு பதில்தான் சொன்னார்.

"அந்தக் கடிதம் கோவையில இருக்கு. அதை எழுதினது ஆரெண்டு கோவையில இல்லை. இதையும் பெயரில்லாமல் எழுதினால் ரெண்டும் ஒண்டுதான்."

வெளியே போயிருந்த இராசமலர் அவர்கள் அப்போதுதான் உள்ளே வந்தார். கதவருகே நின்று தீர்ப்புச் சொன்னார்.

"எழுதுங்கோ. ஆனால் எங்கட வாயால நாங்கள் வாசிக்க மாட்டம். நீங்கள்தான் வாசிக்கவேணும். எல்லாருக்கும் முன்னால, அந்த ஒலிவாங்கியில."

ஆகவே ரீச்சர், நீங்கள் இட்ட ஒரேயொரு கட்டளையை இன்று மீறுகிறோம். தயாபரன், தயாபரன் என்று வேறு யாரையோ சொல்வது போல இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருப்பவர் தயாபரன்தான். உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்த்தால் குரல் நிற்கும் என்று பயந்து தாளை மட்டும் பார்த்து வாசிக்கிறார். மூன்றாவது வரிசையில் புவனேந்திரன் வந்திருக்கிறார். கூப்பிட்டது தயாபரன். வருவார் என்று நினைக்கவில்லை. பக்கத்தில் யதுர்ஷிகாவும் இருக்கிறாள். நீங்கள் திரும்பி வந்த ஆண்டு மறுபடி எழுதிச் சித்தியடைந்து, இன்று வவுனியாவில் மருத்துவத் தாதியாக இருப்பவள். அவள் இழந்த ஒரு வருடத்தை இந்த மடலால் திருப்பிக் கொடுக்க முடியாது. அதைச் சபையிலே ஒப்புக்கொள்ளத்தான் முடியும்.

எம் பெருமதிப்பிற்குரிய ரீச்சர், இனி நீங்கள் எந்த பஸ்சிலும் நிற்காமல், யாருடைய தவறுக்கும் தண்டனை அனுபவிக்காமல், உங்கள் துணைவர் ஐயாத்துரை அவர்களோடு ஸ்கந்தபுரத்து வளவில் நல்ல சுகத்தோடு நெடுங்காலம் வாழ வேண்டும். நல்ல உறக்கமும் நல்ல பசியும் உங்களை விட்டு நீங்காதிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் காளானைப் பார்க்கும்போது எங்களை நினைக்க வேண்டும். ஐயம் வந்தால் நாங்கள் தொலைபேசி எடுப்போம். மறுமுனையில் "அது மீனில்லை" என்று சொல்ல நீங்கள் இருக்க வேண்டும்.

இங்ஙனம்,
உங்கள் அன்பை என்றும் மறவாத
அதிபர், பிரதி அதிபர், ஆசிரியர்கள், அலுவலர்கள்.

இதன் கீழே உள்ள மூன்று வரிகள் அச்சில் இல்லை. பதினொரு ஆண்டு பிந்திய வீட்டு வேலையாக, சிவப்புப் பேனா திருத்துவதற்கு இடம் விட்டு, கையால் எழுதப்படுகின்றன.

கேள்வி: மனிதனின் சாதி, இனம் என்ன?
விடை: சாதி ஹோமோ. இனம் சேப்பியன்ஸ். எல்லோருக்கும் அது ஒன்றுதான்.
பெயர்: அந்தக் கடிதத்தையும் இந்த மடலையும் எழுதி ஈண்டு ஒப்பமிடும் சின்னராசா தயாபரன்.